டொமைன் மாறவில்லையா? முதலில் பூட்டைப் பாருங்கள்

“தம்பி, வெப்சைட்டை வேற கம்பெனிக்கு மாத்தணும்னு புது எடத்துல பணமும் கட்டியாச்சு. பழைய ஆளு கோடு தரமாட்டேங்கான். போன் போட்டா நாளைக்குங்கான். இப்ப என்ன செய்ய?”

வடசேரியில் ஒரு சாயாக் கடையில் கன்னியாகுமரி லாட்ஜ்காரர் ஒருவர் கேட்டது இது. தட்டில் இருந்த ரசவடையை அவர் தொடவே இல்லை. லாட்ஜ், மார்த்தாண்டம் தேன், நேந்திரன் சிப்ஸ், முந்திரிக்கொத்து என்று குமரி மாவட்டத்தில் சொந்த வெப்சைட் வைத்து வியாபாரம் செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் பலருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். அண்ணாச்சிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வெப்சைட் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் மூன்று சமாச்சாரங்கள் இருக்கின்றன. டொமைன் என்பது பெயர். அந்தப் பெயரைத் தட்டினால் எந்தக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பட்டியல் டிஎன்எஸ். படங்களும் பக்கங்களும் கிடக்கும் இடம் ஹோஸ்டிங். டொமைனைப் பதிவு செய்து தரும் ரெஜிஸ்ட்ராரை மாற்றுவது என்றால் முதலாவது மட்டும்தான் கைமாறுகிறது. நம்மூர் உதாரணமே சொல்கிறேன்: 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அன்றைக்கு யாருடைய வீடும் வயலும் ஓரடி நகரவில்லை. மேலே கோப்பு போகும் ஊர் திருவனந்தபுரத்துக்குப் பதில் சென்னை என்று ஆனது, அவ்வளவே. டொமைன் மாற்றமும் அந்த வகைதான்.

அப்படியானால் அந்தக் கோடு யாரிடம் இருக்கிறது? டாட் காம் பெயர்கள் அத்தனைக்கும் பேரேடு வைத்திருப்பது அமெரிக்காவின் வெரிசைன். டாட் இன் பேரேடு, 2003-ல் தொடங்கப்பட்ட நேஷனல் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் ஆஃப் இந்தியா, சுருக்கமாக நிக்ஸி, கையில். இவர்கள் ரெஜிஸ்ட்ரி. இவர்களுக்கும் நமக்கும் நடுவில் இருப்பவர் ரெஜிஸ்ட்ரார். ரெஜிஸ்ட்ராரிடம் மொத்தமாக வாங்கி நமக்கு விற்பவர் ரீசெல்லர். நம்மூரில் வெப்சைட் செய்து கொடுப்பவர் பெரும்பாலும் ரீசெல்லராக இருப்பார். இல்லையென்றால் தன் சொந்த அக்கவுண்டிலேயே உங்கள் பெயரையும் வாங்கிப் போட்டிருப்பார். போனில் “நாளைக்கு” என்பவர் இந்தக் கடைசிப் படியில் இருப்பவர். அவரோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால் அவருக்கு மேலே இருக்கும் ரெஜிஸ்ட்ரார் யார் என்று கண்டுபிடியுங்கள்.

அதற்குக் காசு வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகேன் அமைப்பு ஒரு லுக்கப் பக்கம் வைத்திருக்கிறது. பெயரைத் தட்டினால் ரெஜிஸ்ட்ரார், பதிவான தேதி, முடியும் தேதி, நேம்சர்வர், நிலை எல்லாம் வரும். முன்பெல்லாம் உரிமையாளர் பெயரும் முகவரியும்கூட வரும். 2018-ல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்தபின் அவை பெரும்பாலும் மறைக்கப்படுகின்றன. ஆகவே உங்கள் பெயர் அங்கே தெரியவில்லை என்று பயப்பட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது ‘நிலை’ என்ற வரியைத்தான். அண்ணாச்சியின் போனிலேயே பார்த்தோம். ‘கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்’ என்று இருந்தது. கிளையன்ட் என்றதும் அது தானாக்கும் என்று அவர் நினைத்துவிட்டார். இங்கே கிளையன்ட் என்பது ரெஜிஸ்ட்ரார். சர்வர் என்பது ரெஜிஸ்ட்ரி. கிளையன்ட் என்று தொடங்கும் பூட்டை ரெஜிஸ்ட்ராரின் கன்ட்ரோல் பேனலில் ஒரு பட்டனைத் தட்டித் திறக்கலாம். திருட்டுக்குப் பயந்து முன்கூட்டியே போட்டு வைக்கும் பூட்டு அது, இருப்பதே நல்லது. சர்வர் என்று தொடங்கினால் விஷயம் மேலே போயிருக்கிறது: வழக்கோ, உரிமைத் தகராறோ, நீங்களே கேட்டு வாங்கிய கூடுதல் பாதுகாப்போ இருக்கலாம். ‘பெண்டிங் டிரான்ஸ்ஃபர்’ என்றால் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. கையை வைக்காமல் இருங்கள். பழைய ரெஜிஸ்ட்ராருக்கு மறுப்புச் சொல்ல ஐந்து நாள் உண்டு. ஐந்து நாளும் பேசாமல் இருந்தால் பெயர் தானாகவே புதிய இடத்துக்குப் போய்விடும்.

பூட்டைத் திறந்தாலும் ஆத் கோட் வேண்டும். அண்ணாச்சி கேட்ட கோடு இதுதான், மாற்றத்துக்கு அனுமதி தரும் ரகசியச் சொல். சிலர் இபிபி கோட் என்பார்கள், இரண்டும் ஒன்றே. பேனலில் அதை நீங்களே எடுக்க வசதி இல்லையென்றால், கேட்ட ஐந்து நாளுக்குள் ரெஜிஸ்ட்ரார் கொடுத்தாக வேண்டும் என்பது ஐகேன் விதி. ரீசெல்லர் இழுத்தடித்தாலும் பொறுப்பு ரெஜிஸ்ட்ராருடையது. லுக்கப்பில் கண்ட ரெஜிஸ்ட்ராருக்கு நேரடியாக மெயில் எழுதி, எந்தத் தேதியில் கோட் கேட்டீர்கள் என்பதைக் குறிப்பிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஐகேனிடமே புகார் படிவம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

கோட் வந்தபின் ‘தவறான கோட்’ என்று புதிய இடம் திருப்பி அனுப்பும் கூத்தும் உண்டு. காரணம் அநேகமாகச் சின்னதாக இருக்கும். இந்தக் கோடில் நட்சத்திரக் குறி, அடிக்கோடு எல்லாம் கலந்து வரும். அதை வாட்ஸாப்பில் அனுப்பினால், இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவில் உள்ளதைத் தடித்த எழுத்தாகக் காட்டிவிட்டு நட்சத்திரத்தை வாட்ஸாப் மறைத்துவிடும். கண்ணால் பார்த்துத் தட்டுபவருக்கு இரண்டு எழுத்து குறையும். சுழியமும் ஆங்கில ஓ-வும் குழப்புவது இன்னொன்று. காப்பி செய்யும்போது கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் வெற்றிடம் மற்றொன்று. மெயிலில் வாங்கி நேராக ஒட்டுவதே உத்தமம். இன்னொரு முறை கோட் எடுத்தால் பல இடங்களில் பழைய கோட் செல்லாது, அதையும் ஞாபகம் வையுங்கள்.

இதெல்லாம் பொறுமையாக உட்கார்ந்தால் தீரும் தொல்லைகள். தீராத தொல்லை, டொமைன் யாருடைய பெயரில், யாருடைய மெயிலில் பதிவாகியிருக்கிறது என்பது. அண்ணாச்சியின் டொமைனில் பதிவான மெயில், வெப்சைட் செய்து கொடுத்த பையனின் ஜிமெயில். கோட், ஓடிபி, கெடு முடியும் எச்சரிக்கை எல்லாம் அங்கேதான் போகும். ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்தவரை உரிமையாளர் அந்தப் பையன்தான். எட்டு வருஷமாகப் பணம் கட்டிய அண்ணாச்சியை அவர்களுக்குத் தெரியாது. இன்னொரு வகையும் பார்த்திருக்கிறேன்: தன் டொமைனிலேயே இருக்கும் மெயில் முகவரியைப் பதிவில் கொடுத்திருப்பார்கள். கெடு தவறி டொமைன் நின்றால் மெயிலும் நிற்கும்; மீட்க வேண்டிய ஓடிபி செத்த மெயிலுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

“அப்ப மொதல்ல மெயிலை மாத்திருவோம்” என்றார் அண்ணாச்சி. அவசரப்படக் கூடாத இடம் அதுதான். 2016 டிசம்பர் 1 முதல், டாட் காம் போன்ற பெயர்களில் உரிமையாளரின் பெயரையோ நிறுவனப் பெயரையோ மெயிலையோ மாற்றினால் 60 நாள் பூட்டு விழும். சில ரெஜிஸ்ட்ரார்கள், மாற்றுவதற்கு முன்பே கேட்டுக்கொண்டால் இந்தப் பூட்டை விலக்கித் தருவார்கள். மாற்றியபின் கேட்டால் கிடைக்காது. புதிதாகப் பதிவு செய்த பெயருக்கும், ஒருமுறை மாற்றிய பெயருக்கும்கூட 60 நாள் காத்திருப்பு பொதுவாக உண்டு. எனவே பழைய மெயிலைத் திறக்க முடிகிறவரை, முதலில் ரெஜிஸ்ட்ராரை மாற்றிவிட்டு விவரங்களைப் பிறகு திருத்துவதே என் கட்சி. திறக்கவே முடியாது என்றால் அடையாளச் சான்று, பணம் கட்டிய ரசீது, ஜிஎஸ்டி சான்று எல்லாம் திரட்டி ரெஜிஸ்ட்ராருக்கு எழுதி மெயிலை மாற்றுங்கள். அந்த 60 நாள் போனால் போகட்டும்.

இந்த மெயில் விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு கதை காரணம். நெட் 4 இந்தியா என்ற ரெஜிஸ்ட்ராரிடம் ஏராளமான சிறு நிறுவனங்கள் பெயர் வாங்கி வைத்திருந்தன. 2019-ல் அது தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் நடவடிக்கைக்குள் போனது. வாடிக்கையாளர் சேவை படுத்துவிட்டது. ரினியூ செய்ய முடியவில்லை, ஆத் கோட் கிடைக்கவில்லை, வேறு இடத்துக்கு ஓடவும் வழியில்லை. புகார்கள் குவிந்தன. ஐகேன் நோட்டீஸ்மேல் நோட்டீஸ் அனுப்பி, 2021 பிப்ரவரியில் அங்கீகாரத்தை ரத்து செய்வதாக அறிவித்தது. தீர்ப்பாயம் குறுக்கிட்டு ஏப்ரல் வரை அதை நிறுத்தி வைத்தது. அதன்பிறகுதான் அந்த டாட் காம் வகைப் பெயர்களெல்லாம் மொத்தமாக பப்ளிக் டொமைன் ரெஜிஸ்ட்ரி என்ற இன்னொரு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றப்பட்டன. ரெஜிஸ்ட்ரார் மூழ்கினாலும் பெயர் மூழ்காமல் இருக்க ஒரு ஏற்பாடு இருந்தது: 2007-ல் அமெரிக்காவில் ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற ரெஜிஸ்ட்ரார் நொடித்துப் பலர் அவதிப்பட்டபின், வாடிக்கையாளர் விவரங்களின் நகலை வெளியே ஒரு மூன்றாம் இடத்தில் ஒப்படைத்து வைக்கும் முறையை ஐகேன் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் இப்படிக் கூட்டத்தோடு கைமாறும்போது புதிய ரெஜிஸ்ட்ரார் தேடுவது பதிவில் உள்ள மெயிலைத்தான். அங்கே வேறொருவரின் ஜிமெயில் இருந்தால் கடிதமும் அவருக்கே போகும்.

அடுத்தது, மாற்றம் வெற்றி என்று மெயில் வந்த பிறகு வெப்சைட் படுத்துவிடும் கேஸ். டிஎன்எஸ் பட்டியலை வைத்திருக்கும் நேம்சர்வர் பழைய ரெஜிஸ்ட்ராருடையதாகவே இருந்தால், பெயர் போனதும் அவர்கள் அந்தப் பட்டியலை அழித்துவிடலாம். சிலர் அன்றைக்கே அழிப்பார்கள், சிலர் கொஞ்ச நாள் விட்டுவைப்பார்கள். வெப்சைட் நின்றால் உடனே தெரியும். மெயில் நின்றால் தெரியாது, ரூம் கேட்டு எழுதுபவர் பதில் வராமல் வேறு லாட்ஜுக்குப் போயிருப்பார். ஆகவே மாற்றத்துக்கு முன்னால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியையும், குறிப்பாக மெயிலுக்கான எம்எக்ஸ் வரியையும் டிஎக்ஸ்டி வரிகளையும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதே பட்டியலைப் புதிய இடத்தில் ஏற்றி, நேம்சர்வரை அங்கே திருப்பி, இரண்டு நாள் ஓடவிட்டு, அதன்பின் டொமைனை மாற்றினால் வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது. டிஎன்எஸ் பதில்களைச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் பாதுகாப்பு போட்டிருந்தால் நேம்சர்வரைத் திருப்புவதற்கு முன் அதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பட்டியல் சரியாக இருந்தும் பலருக்கு சைட் திறக்காது.

நாள் பார்ப்பதும் முக்கியம். கார்த்திகை பிறந்து தையில் மகரவிளக்கு முடியும்வரை ஐயப்ப பக்தர்கள் குமரிக்கு வந்தபடி இருப்பார்கள். லாட்ஜ்காரர் அந்தச் சமயத்தில் டொமைனில் கை வைக்கவே கூடாது. தேன் விற்பவர் ரப்பர் தோட்டங்களில் தேன் எடுக்கும் மாசி பங்குனியைத் தவிர்க்கலாம். கெடு தேதிக்கு ஒரு மாதமாவது மிச்சம் இருக்கும்போது தொடங்குங்கள். டாட் காம் மாற்றத்தில் கட்டும் பணத்துக்கு ஒரு வருஷம் கூடுதலாகச் சேரும், எதுவும் வீணாகாது. ஆனால் கெடு முடிந்தபின் பழைய இடத்தில் ரினியூ செய்து, 45 நாளுக்குள் வேறு இடத்துக்கு மாற்றினால் அந்த ரினியூவல் வருஷம் கணக்கில் சேராமல் போய்விடும்.

“கெடு முடிஞ்சு போச்சுன்னா கோடு தரமாட்டோம்னு சொல்லலாமா தம்பி?” என்று கேட்டார். கூடாது. வரப்போகும் வருஷத்துக்குப் பணம் கட்டவில்லை என்ற காரணத்துக்காக மாற்றத்தை மறுக்க ஐகேன் விதியில் இடமில்லை. முடிந்துபோன காலத்துக்குப் பாக்கி இருந்தால் மறுக்கலாம். கெடு முடிந்தபின் ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கும். அதையும் தாண்டிப் பெயர் அழிப்புக்குப் போனால் 30 நாள் ‘ரிடெம்ப்ஷன்’. அந்தக் கட்டத்தில் மாற்ற முடியாது, பழைய ரெஜிஸ்ட்ராரிடமே கனத்த அபராதம் கட்டி மீட்க மட்டும்தான் முடியும். அதன்பின் ஐந்து நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

இதுவரை சொன்ன ஐகேன் விதிகள் டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் வகைக்கு. டாட் இன், டாட் கோ டாட் இன் பெயர்களுக்கு விதி வகுப்பது நிக்ஸி. அதிலும் ஆத் கோட் உண்டு, பூட்டு உண்டு. ஆனால் தகராறு என்றால் ஐகேன் கையை விரித்துவிடும், நிக்ஸிக்குத்தான் எழுத வேண்டும். டாட் இன் பெயரில் உரிமையாளரை மறைத்து வேறொரு நிறுவனத்தின் பெயரைப் போடும் சேவைக்கும் அனுமதி கிடையாது.

இதைப் படிக்கும் உங்களுக்கு ஒரு வெப்சைட் இருந்தால், இன்று ராத்திரி கடை சாத்துவதற்குள் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். டொமைன் பேனலைத் திறந்து, ரெஜிஸ்ட்ரன்ட் என்ற இடத்தில் யார் பெயர், எந்த மெயில் இருக்கிறது என்று பாருங்கள். பேனலின் பாஸ்வேர்டே உங்களிடம் இல்லையென்றால், வைத்திருப்பவர் உங்களோடு நல்ல முகமாகப் பேசும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.