அம்மா ஏறிய மலையும் நான் அழித்த கிளிப்பும்

கூடலூருக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோவில் ஆண்டுக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமியன்றுதான் பக்தர்களுக்குத் திறக்கும். பளியன்குடி வழியாக அம்மா கடைசியாக ஏறியதை டிஜிட்டல் ஹேண்டிகேம் கேசட்டில் எடுத்திருந்தேன். ஃபயர்வயர் கேபிளில் இணைத்து ஓடவிட்டு கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி!

டைம்லைனில் கிளிப்புகளை இழுத்துப் போட்டு, ஆடிய காட்சிகளை வெட்டி, டைட்டில் சேர்த்து சேவ் செய்தேன். வேலை முடிந்ததென்று அசல் கிளிப்புகளை டெலிட் செய்துவிட்டேன். மறுநாள் திறந்தால், அம்மா இருந்த இடமெல்லாம் வெறும் கட்டங்கள்.

புராஜெக்ட் ஃபைலில் படம் இருக்காது; எந்தக் கிளிப்பை எங்கே வெட்டினோம் என்ற குறிப்புதான் இருக்கும். எக்ஸ்போர்ட் செய்தால்தான் தனி வீடியோ கிடைக்கும். நல்லவேளை, கேசட் இருந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். நீங்கள் எக்ஸ்போர்ட் செய்ததை முழுதாக ஓட்டிப் பார்த்த பிறகும் அசலைத் தனி ஹார்டு டிஸ்கில் வையுங்கள்.