பிரின்சிபாலுக்கு மார்க் போடுவது எப்படி?

எங்கள் துறையில் ஒரு பழைய வியாதி உண்டு. நன்றாக கோடு எழுதுகிறவரைப் பிடித்து ஒரு நாள் மேனேஜர் ஆக்கிவிடுவார்கள். பயிற்சி எதுவும் கிடையாது, ஆனால் வருடக் கடைசியில் அப்ரைசல் மட்டும் தவறாமல் வந்துவிடும். எனக்கும் அப்படித்தான் நடந்தது. முதல் வருடம் நான் சொதப்பியதில் இரண்டு நல்ல பையன்கள் வேலையை விட்டே போய்விட்டார்கள்.

அமெரிக்காவில் பள்ளி பிரின்சிபால்களை மாநில அரசுகள் எப்படித் தயார் செய்கின்றன, எப்படி மதிப்பிடுகின்றன என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கேயும் இதே கதைதான். ஒரே வித்தியாசம், அங்கே பாதிக்கப்படுவது குழந்தைகள்.

பிரின்சிபால் மாறினால் அப்படி என்ன ஆகிவிடும்? ஜேசன் கிரிஸம், அன்னா எகலைட், கான்ஸ்டன்ஸ் லிண்ட்ஸே மூவரும் 2021-ல் வாலஸ் அறக்கட்டளைக்காக எழுதிய அறிக்கையில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நூறு பிரின்சிபால்களைத் திறமைப்படி வரிசையாக நிறுத்துங்கள். கீழிருந்து 25-வது ஆளுக்குப் பதிலாக 75-வது ஆள் வந்தால், மாணவர்கள் ஒரு வருடத்தில் கணக்கில் 2.9 மாதப் படிப்பும், வாசிப்பில் 2.7 மாதப் படிப்பும் கூடுதலாகப் பெறுகிறார்கள். ஒரு நல்ல ஆசிரியர் தன் வகுப்பை உயர்த்துவார். பிரின்சிபாலின் பாதிப்பு பள்ளி முழுவதுக்கும்.

சரி, அப்படியென்றால் நல்ல பிரின்சிபால் யார் என்று அளந்துவிட்டால் போதாதா? இங்கேதான் சிக்கல். ஏழைகள் வாழும் பகுதியிலுள்ள பள்ளிக்குப் போன மாதம் சேர்ந்தவரை எதை வைத்து அளப்பது? மாணவர்களின் மதிப்பெண்ணை வைத்தா? அதில் பெரும்பகுதி வீட்டுச் சூழலைக் காட்டும். ஒரு வருட முன்னேற்றத்தை வைத்தா? பாடம் நடத்தும் ஆசிரியர்களை வேலைக்கு எடுத்தது முன்பிருந்தவர். அதே பள்ளியின் பழைய நிலையோடு ஒப்பிடலாமா? முன்பிருந்தவர் ரொம்ப நல்லவராக இருந்துவிட்டால் புதியவர் பாவம். மயாமி-டேட் பள்ளி மாவட்டத் தரவுகளை வைத்து கிரிஸமும் சகாக்களும் இப்படிப் பல முறைகளில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். முறையை மாற்றினால் விடையும் மாறியது. போன வாரம் டீமில் சேர்ந்தவர் தலையில் மூன்று வருடப் பழைய பக்கைக் கட்டுவது மாதிரிதான் இது.

ஆனாலும் அரசுகளுக்கு அளவுகோல் மேல்தான் மோகம். 2009-ல் ஒபாமா அரசு அறிவித்த 'ரேஸ் டு தி டாப்' நிதிக்காக, மாணவர் வளர்ச்சியை மதிப்பீட்டில் சேர்க்கும் சட்டங்களைப் பல மாநிலங்கள் அவசரமாகப் போட்டன. இல்லினாய் அதில் ஒன்று. ஆனால் அதே 2010-ல் அந்த மாநிலம் இன்னொரு காரியமும் செய்தது. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமானது.

அதுவரை அங்கே 'டைப் 75' என்று ஒரு நிர்வாகச் சான்றிதழ் இருந்தது. அமெரிக்க ஆசிரியர்களுக்கு மேற்படிப்பு படித்தால் சம்பளம் கூடும். அதனால் பிரின்சிபால் ஆகும் எண்ணமே இல்லாதவர்களும் கூட்டம் கூட்டமாக இதைப் படித்தார்கள். பல்கலைக்கழகங்களுக்கும் நல்ல வருமானம். புதிய சட்டம் அந்தக் கடையை மூடியது. பழைய படிப்புகள் அப்படியே தொடர முடியாது, புதிதாக அங்கீகாரம் வாங்க வேண்டும். பள்ளி மாவட்டங்களோடு சேர்ந்துதான் பாடத்திட்டம் அமைக்க வேண்டும். மாணவர்களைத் தேர்ந்தெடுத்துத்தான் சேர்க்க வேண்டும். பள்ளியிலேயே நேரடிப் பயிற்சி கட்டாயம். 2014-க்குள் பழைய சான்றிதழ் முடிவுக்கு வந்தது.

இதற்கும் ஒரு விலை உண்டு. வாசலைக் குறுக்கினால் வருகிறவர்கள் குறைவார்கள். ஆள் கிடைக்குமா என்ற கவலை இல்லினாயிலும் எழுந்தது. கிராமத்துப் பள்ளிகளுக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆனால் தயாரிப்பில் போடும் காசு வீணாவதில்லை. நியூயார்க், டென்வர் உட்பட ஆறு பெரிய பள்ளி மாவட்டங்கள் 2011 முதல் தேர்வு, பயிற்சி, நியமனம், மதிப்பீடு எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாகக் கோத்துப் பார்த்தன. ராண்ட் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே புதிய பிரின்சிபால் வந்த பள்ளிகள், மற்ற மாவட்டங்களில் புதிய பிரின்சிபால் வந்த பள்ளிகளைவிட மூன்று வருடத்துக்குப் பிறகு வாசிப்பில் 6 சதமானப் புள்ளிகளுக்கு மேலும், கணக்கில் கிட்டத்தட்ட 3 புள்ளிகளும் முன்னே இருந்தன. செலவு? ஒரு மாணவருக்கு வருடத்துக்குச் சுமார் 42 டாலர்.

கவனியுங்கள், இந்தச் சங்கிலியிலும் மதிப்பீடு இருக்கிறது. ஆனால் அங்கே அதன் வேலை, யாருக்கு எந்த இடத்தில் உதவி தேவை என்று காட்டுவது. தயார் செய்யாமல் அனுப்பிவிட்டு மார்க் மட்டும் போடும்போதுதான் அது வெறும் பழி சுமத்தும் வேலையாகிவிடுகிறது.

அந்த முதல் வருட அப்ரைசலில் எனக்கு என்ன ரேட்டிங் வந்தது தெரியுமா? 'எதிர்பார்ப்புக்கு மேல்'. போனவர்கள் இரண்டு பேரும் அந்தக் கணக்கில் வரவே இல்லை.