காற்றுக்குப் பஞ்சம், கேலிக்கு இல்லை

இங்கிலாந்தின் குளிர்கால கேட்டமரான் பந்தயங்களில் பாதிப் போட்டி கரையில்தான் நடக்கிறது. நடுவர் இல்லாத விளையாட்டில் கேலிக்கும் ஒரு வேலை இருக்கிறது.

தேநீர்க் கோப்பையைப் பிடித்த கைகள் இன்னும் நடுங்குகின்றன. ஒன்றரை மணி நேரம் தண்ணீரில் விறைத்துக் கிடந்தவர்கள் கிளப் அறையின் ஹீட்டரைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கிறார்கள். முதல் மடக்கு உள்ளே போனதுமே ஆரம்பமாகிறது கச்சேரி.

"ஏன், நங்கூரம் போட்டுவிட்டாயா? ஒரு வாத்து உன்னைத் தாண்டிப் போனதைப் பார்த்தேனே!"

"நீ ஏன் பார்க்கமாட்டாய்? அந்த வாத்துக்குப் பின்னால்தானே வந்துகொண்டிருந்தாய்!"

"கிறிஸ்துமஸ் கேக்கைக் கொஞ்சம் குறைத்திருந்தால் ஒருவேளை படகு நகர்ந்திருக்கும்."

டிசம்பர், ஜனவரி ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிலாந்தின் நீர்த்தேக்கக் கரைகளில் இது வழக்கமான காட்சி. குடிநீருக்காகக் கட்டப்பட்ட கிராஃபம், ரட்லண்ட் போன்ற ஏரிகளில் குளிர்காலம் முழுக்கப் பாய்மரப் பந்தயங்கள் உண்டு. பல கிளப்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஃப்ராஸ்ட்பைட்'. குளிரில் விரல் செத்துப்போகும் நோயின் பெயர்! 1932இன் தொடக்கத்தில் நியூயார்க் அருகே மான்ஹாசெட் விரிகுடாவில் சிலர் விளையாட்டாக ஆரம்பித்த குளிர்காலப் போட்டியிலிருந்து வந்த பெயர் இது.

விளையாட்டுதான். ஆனால் ஆபத்து நிஜம். தண்ணீர் சுமார் 5 டிகிரியில் இருக்கும். காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக அது உடல் சூட்டை உறிஞ்சிவிடும். தவறி விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுக்கடங்காமல் திணறும். பத்து நிமிடத்தில் விரல்கள் சொன்னபடி கேட்காது. அதனால்தான் கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுக்கிய, நீர் புகாத 'டிரை சூட்', மிதவைச் சட்டை, மோட்டார் பொருத்திய மீட்புப் படகு என்று இத்தனை ஏற்பாடு.

சில்லென்ற தெளிவான குளிர்நாளில் பெரும்பாலும் காற்று இருக்காது. கேட்டமரானுக்கு இது சோதனை. இரண்டு மெல்லிய படகுகளை இணைத்தது போன்ற அமைப்பு அது. நல்ல காற்றடித்தால் ஒரு பக்கப் படகு நீரைவிட்டு மேலே எழும்ப, உராய்வு குறைந்து பறக்கும். மெல்லிய காற்றில் இரண்டும் தண்ணீரில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டுபவர் முன்பக்கமாக ஊர்ந்து சென்று, பின்பகுதியை நீரிலிருந்து சற்றே தூக்க முயல்வார். பிறகு அசையாமல் கிடப்பார். சின்ன ஆட்டம்கூடப் பாயில் தங்கியிருக்கும் கொஞ்சநஞ்சக் காற்றை உதறிவிடும். குளிரை விரட்டக் கை காலை ஆட்ட வேண்டும். படகு நகர ஆடாமல் கிடக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பந்தயம்.

இன்னொரு சபலமும் உண்டு. உடம்பை ஆட்டியோ பாயை விசிறி போல இழுத்து இழுத்து விட்டோ படகை முன்னே தள்ளிவிடலாம். விதி 42 இதைத் தடை செய்கிறது. ஆனால் கண்காணிப்பது யார்? சாதாரண கிளப் பந்தயத்தில் விசிலோடு யாரும் கூடவே வருவதில்லை. மிதவையில் படகு உரசினால், உரசியவரே ஒப்புக்கொண்டு ஒரு முழு வட்டம் சுற்ற வேண்டும். வழிவிட வேண்டிய படகுக்கு வழிவிடாவிட்டால் இரண்டு வட்டம். யாராவது 'புரொட்டெஸ்ட்' என்று குரல் கொடுத்தால், கரையில் ஒரு குழு உட்கார்ந்து விசாரிக்கும்.

விசாரணை வரை போவது அபூர்வம். அதற்கு முன்பே தேநீர் மேஜை வேலையைக் காட்டிவிடுகிறது. "என்ன, நடுவில் ஏதோ நாட்டியப் பயிற்சி செய்தாய் போலிருந்ததே?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டால் போதும். பாயை ஆட்டியவருக்குப் புரிந்துவிடும். காது சிவக்கும், அடுத்த வாரம் கை அடங்கும். குற்றச்சாட்டாகச் சொல்லியிருந்தால் நட்பு முறிந்திருக்கும்.

கேலிக்கு இன்னொரு தீனி, முடிவைக் கணக்கிடும் முறை. பல ரகப் படகுகள் ஒன்றாக ஓடும்போது ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு எண் உண்டு. ஓடிய நேரத்தை 1000ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுப்பார்கள். எண் 800 உள்ள வேகப் படகு 40 நிமிடத்தில் முடித்தால் கணக்கில் 50 நிமிடம். எண் 1000 உள்ள படகு 49 நிமிடத்தில் வந்தால் 49தான். ஒன்பது நிமிடம் தாமதமாக வந்தவர் வெற்றி! காற்றில்லாத நாளில் வேகமான கேட்டமரான்கள் இந்தக் கணக்கில் அடிபடும். "கால்குலேட்டரில் ஜெயித்தவரே, வாழ்த்துகள்!" என்ற குரல் எழாத ஞாயிறு குறைவு.

இதைச் சிரித்துத் தீர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் உண்டு. 1876இல் நியூயார்க் பந்தயம் ஒன்றில் நதானியல் ஹெரஷாஃப் என்ற வடிவமைப்பாளர் 'அமரிலிஸ்' என்ற இரட்டைப் படகைக் கொண்டுவந்து மற்றவர்களை மண்ணைக் கவ்வ வைத்தார். தோற்றவர்கள் முறையிட, அந்த ரகத்தையே விலக்கிவிட்டார்கள். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1976 ஒலிம்பிக்ஸில்தான் 'டொர்னாடோ' ரகத்தின் மூலம் கேட்டமரானுக்கு இடம் கிடைத்தது. தங்கம் வென்றது பிரிட்டிஷ் ஜோடி.

பெயர் மட்டும் நம்முடையது. சோழமண்டலக் கரையில் மரங்களைக் கயிற்றால் கட்டிய மிதவையை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் எழுதி வைத்தார். இரட்டைப் படகு அமைப்போ பசிபிக் தீவுக்காரர்களுடையது. கட்டுமரத்தின் பெயர் பிற்காலத்தில் அதற்கு ஒட்டிக்கொண்டது.

ஹீட்டர் அருகே கச்சேரி முடியும் நேரம். மூலையில் ஒருவர் காலுறையைப் பிழிந்துகொண்டிருக்கிறார். மிதவையில் அவர் படகு லேசாக உரசியதாம். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் வட்டமடித்தார். காற்றில்லாத நேரத்தில் கேட்டமரானைத் திருப்புவது மாட்டு வண்டியைச் சந்தில் திருப்புவது மாதிரி. அதற்குள் இரண்டு படகுகள் தாண்டிவிட்டன.

"பம்பரம் விட இன்றைக்குத்தான் நாள் கிடைத்ததா?" என்று அறையே சிரிக்கிறது. அவரும் சிரிக்கிறார். தாண்டிப்போன இருவரில் ஒருவர் எழுந்துபோய் அவர் கோப்பையில் மறுபடி தேநீர் ஊற்றுகிறார்.