பயத்தையும் எழுதிவைத்தவர்

மறைசாட்சிகள் – 4

சென்ற வாரம் சிமிர்னாவின் முதிய ஆயர் பொலிக்கார்ப்பைப் பார்த்தோம். 86 ஆண்டு விசுவாசம் அவருக்குத் துணை நின்றது. இந்த வாரம் நாம் சந்திக்கும் பெர்பெத்துவாவுக்கு வயது 22. கைதான பிறகுதான் திருமுழுக்கே பெற்றார். மடியில் பால்குடிக் குழந்தை.

கி.பி. 203, கார்த்தேஜ். இன்றைய துனிசியாவின் கடற்கரை. உயர்குடிப் பெண்ணான பெர்பெத்துவாவோடு, பெலிசித்தா என்ற கர்ப்பிணி அடிமைப் பெண்ணும் இன்னும் சிலரும் பிடிபட்டார்கள். அவர்களுக்கு மறைக்கல்வி தந்த சத்தூரு அப்போது அங்கே இல்லை. தப்பியிருக்கலாம், தானாக வந்து சரணடைந்தார்.

சிறையில் பெர்பெத்துவா எழுதிய குறிப்புகள் இன்றும் நம்மிடம் இருக்கின்றன. கிறிஸ்தவப் பெண்கள் எழுதியவற்றில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. வீரவசனத்தை எதிர்பார்த்துத் திறந்தால் ஏமாந்துபோவோம். இப்படியொரு இருட்டை நான் கண்டதேயில்லை, பயந்துபோனேன் என்கிறார். நெரிசலில் புழுக்கம், காவலரின் பணப்பறிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையைப் பற்றிய தவிப்பு. இரண்டு திருத்தொண்டர்கள் காவலருக்குப் பணம் கொடுத்து, சில மணிநேரம் காற்றோட்டமான இடத்தில் இருக்க வழிசெய்தார்கள். பசியில் துவண்டிருந்த பிள்ளைக்கு அங்கேதான் பால் கொடுத்தார். பிள்ளையைத் தன்னுடனேயே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் அந்தச் சிறையே அவருக்கு மாளிகையானது.

சிறையைவிடக் கடினமான சோதனை அப்பாவின் கண்ணீர். நரைத்த தலையைப் பார், பிள்ளையைப் பார் என்று கெஞ்சி, மகளின் கைகளை முத்தமிட்டுக் காலில் விழுந்தார். விசாரணை நாளில் ஆளுநர் இலாரியானு அந்த முதியவரைத் தடியால் அடிக்கவைத்தபோது, அந்த அடி தன்மேலேயே விழுந்ததாக மகள் துடித்தார். ஆனாலும் பேரரசர்களின் நலனுக்காகப் பலியிட மறுத்தார்.

கர்ப்பிணிக்குத் தண்டனை நிறைவேற்றச் சட்டம் இடம் தராது. தோழர்களை விட்டுப் பின்தங்கிவிடுவோமோ என்பது பெலிசித்தாவின் கவலை. எல்லோரும் மன்றாடினார்கள், எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. ஒரு விசுவாசச் சகோதரி அதை எடுத்து வளர்த்தார்.

இளவரசர் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டுகளில், மார்ச் 7 அன்று, இருவரும் அரங்கில் நிறுத்தப்பட்டார்கள். முரட்டுப் பசு முட்டித் தள்ளியது. பெர்பெத்துவா எழுந்தார், கீழே கிடந்த பெலிசித்தாவைக் கைகொடுத்துத் தூக்கினார். எசமானர் குலப் பெண்ணும் அடிமைப் பெண்ணும் அங்கே தோளோடு தோள் நின்றார்கள்.

அதே வட ஆப்பிரிக்கக் கடற்கரையில், 2015 பிப்ரவரியில், லிபியாவில் 21 கிறிஸ்தவத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். 20 பேர் எகிப்தியர், ஒருவர் கானா நாட்டவர். பிழைப்புக்காக வீட்டைப் பிரிந்து போனவர்கள். 2023-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களைக் கத்தோலிக்கத் திருஅவையின் மறைசாட்சிகள் பட்டியலிலும் சேர்த்தார்.

அரங்கம் நம்மில் பலருக்கு வராது. ஆஸ்பத்திரி வராந்தாவும், வேலை போன மாதமும், தூக்கம் வராத இரவும் வரும். அப்போது பயமாயிருக்கிறது என்று கடவுளிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். பெர்பெத்துவா சொல்லியிருக்கிறார், அவர் பெயரைத் திருஅவை இன்றும் திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டில், பெலிசித்தாவின் பெயரோடு சேர்த்தே சொல்கிறது.

(தொடரும்)