செம்பரம்பாக்கத்தில் பெய்த மழையும் புவி வெப்பமும்

2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்து மழைமானி 475 மில்லிமீட்டரையும் தாம்பரத்து மழைமானி 494 மில்லிமீட்டரையும் பதிவு செய்தன. அதற்கு முந்தைய நவம்பரிலேயே சென்னை நகரில் 1,049 மில்லிமீட்டர் மழை பெய்து, 1918 நவம்பருக்குப் பின் காணாத அளவை எட்டியிருந்தது; ஆகவே தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என விரியும் தொழிற்பகுதியின் மண் டிசம்பர் பிறக்கும் முன்பே முற்றிலும் ஊறிப்போயிருந்தது. ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலங்கல் வழிந்தன, கார்த் தொழிற்சாலைகள் உற்பத்தியை நிறுத்தின, சென்னை விமான நிலையம் சில நாள்கள் மூடப்பட்டது, மாநிலத்தில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அதே நாள்களில் பாரிஸ் நகரில் உலக நாடுகளின் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்ததால், இந்த மழை காலநிலை மாற்றத்தின் விளைவுதானா என்ற கேள்வி வெள்ளம் வடிவதற்கு முன்பே எழுந்தது.

அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லில் விடை இருக்க முடியாது. வானிலை என்பது ஓரிடத்தில் ஒரு நாளில் அல்லது ஒரு வாரத்தில் நிலவுவது. காலநிலை என்பது முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத வானிலைப் பதிவுகளின் சராசரியும் அவற்றின் ஏற்ற இறக்கமும் சேர்ந்தது. ஒரு நாள் மழைக்கு வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வும், அது நகர்ந்த பாதையும், கரையோரத்தில் மேகம் நிலைகொண்ட நேரமும் எனப் பல காரணங்கள் ஒரே சமயத்தில் கூடியாக வேண்டும். அவற்றில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து முழுப் பொறுப்பையும் அதன்மேல் ஏற்ற இயலாது. ஆனால் பசுமை இல்ல வாயுக்கள், அதாவது சூரியனால் சூடேறிய நிலம் வெளியிடும் வெப்பத்தை விண்வெளிக்குத் தப்பவிடாமல் பிடித்துவைக்கும் கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்றவை, இத்தகைய மழை பெய்வதற்கான வாய்ப்பை எத்தனை மடங்கு கூட்டின, பெய்த அளவை எத்தனை விழுக்காடு கூட்டின என்று கேட்டால் அதற்குக் கணக்குப் போட்டு விடை சொல்லலாம். இருபது ஆண்டுகளுக்கு முன்பு வரை அறிவியலாளர்களே இந்த இரண்டாம் கேள்வியை எழுப்பத் தயங்கினார்கள். இன்று அது தனித் துறையாக வளர்ந்திருக்கிறது.

இதன் அடிப்படையை இந்தத் தொழிற்பகுதியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றும் எவரும் எளிதில் உணர்வர். கடைசல் இயந்திரம் ஒன்றின் அமைப்பு மிகச் சிறிதளவு நகர்ந்துவிட்டால், வெளிவரும் உருளைகளின் சராசரி விட்டத்தில் ஏற்படும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஏற்கத்தக்க வரம்பைத் தாண்டிக் கழிக்கப்படும் உருளைகளின் எண்ணிக்கை பல மடங்காகிவிடும். கழிவான ஓர் உருளையைக் கையில் எடுத்து, அமைப்பு நகர்ந்ததால்தான் இது கெட்டது என்று உறுதி கூற முடியாது, ஏனெனில் சரியான அமைப்பிலும் எப்போதோ ஒன்று கெடும். ஆயினும் நூற்றுக்கணக்கான உருளைகளின் அளவுகளை வரைபடத்தில் இட்டால் நகர்வு தெளிவாகப் புலப்படும். அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு தூரம் சிதறியுள்ளன என்பதைக் குறிக்கும் எண்ணுக்குத் திட்டவிலக்கம் என்று பெயர். இயல்புப் பரவலில் சராசரிக்கு மேலே மூன்று திட்டவிலக்கத்தைத் தாண்டும் நிகழ்வுகள் ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்றே மேல் என்றால், சராசரி ஒரே ஒரு திட்டவிலக்கம் உயர்ந்தவுடன் அதே வரம்பைத் தாண்டுபவை ஆயிரத்தில் 23 ஆகிவிடும். சராசரி வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்ததைக் கேட்டு ‘இவ்வளவுதானா’ என்று அலட்சியம் கொள்பவர்கள் தவறவிடுவது இந்த உண்மையைத்தான்.

வானிலைக்கு இக்கணக்கைப் போடுவதில் ஒரு பெரும் சிக்கல் உண்டு. ஒப்பிடுவதற்கு மாசுபடாத இரண்டாவது பூமி கிடையாது. ஆகவே ஆய்வாளர்கள் கணினி மாதிரிகளில், அதாவது காற்று, கடல், ஈரம், வெப்பம் ஆகியவற்றின் இயற்பியல் விதிகளைச் சமன்பாடுகளாக எழுதி இயக்கும் நிரல்களில், இரண்டு உலகங்களை உருவாக்குகிறார்கள்: ஒன்று இன்றைய காற்று மண்டலத்தைக் கொண்டது, மற்றொன்று தொழிற்புரட்சிக்கு முந்தைய காற்று மண்டலத்தைக் கொண்டது. இரண்டையும் ஆயிரக்கணக்கான முறை இயக்கி, குறிப்பிட்ட நிகழ்வு எதில் எத்தனை முறை தோன்றுகிறது என்று எண்ணி, அதை மழைமானி, வெப்பமானிப் பதிவுகளில் காணப்படும் போக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். 2003-இல் ஐரோப்பாவைத் தாக்கிய கோடை வெப்பத்தைப் பற்றிப் பீட்டர் ஸ்டாட்டும் அவருடைய சகாக்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, மனிதச் செயல்கள் அத்தகைய வெப்பத்தின் வாய்ப்பைக் குறைந்தது இரட்டிப்பாக்கியிருக்கும் என்று காட்டியது. பின்னர் கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க், ஃபிரீடரிக்கே ஓட்டோ ஆகியோரின் முயற்சியில் உருவான ‘வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன்’ குழு, பேரிடர் நிகழ்ந்த சில வாரங்களுக்குள்ளேயே இத்தகைய கணக்கைப் போட்டு வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கியது.

மழையைப் பொறுத்தவரை இயற்பியலின் எதிர்பார்ப்பு தெளிவானது. காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது; பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வகுக்கப்பட்ட இவ்விதி கிளாசியஸ்–கிளாபெய்ரோன் தொடர்பு எனப்படுகிறது. நீராவி மிகுந்த காற்று மேலெழுந்து குளிரும்போது மிகுந்த நீரைக் கொட்டும். ஐ.நா. சார்பான காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2021-இல் வெளியிட்ட ஆறாவது மதிப்பீட்டறிக்கையின்படி, முன்பு பத்தாண்டுக்கு ஒரு முறை வந்த ஒரு நாள் பெருமழை, உலக நிலப்பரப்பின் சராசரியில் இப்போது 1.3 மடங்கு அடிக்கடி வருகிறது; வரும்போது 6.7 விழுக்காடு கூடுதலாகப் பெய்கிறது.

அப்படியானால் செம்பரம்பாக்கத்துக்கும் இதே விடைதான் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. வான் ஓல்டன்போர்க், ஓட்டோ, கார்ஸ்டன் ஹவுஸ்டைன் ஆகியோரோடு தில்லி ஐ.ஐ.டி.யின் கிருஷ்ண அச்சுதராவும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு, சென்னைப் பெருமழையின் வாய்ப்பில் மனிதரால் நேர்ந்த காலநிலை மாற்றத்தின் தாக்கம் எதையும் கண்டறிய முடியவில்லை என்று முடிவு கூறியது. மழைக்கு நீராவி தரும் வங்கக் கடலின் மேற்குப் பகுதியின் மேற்பரப்பு, அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில் குறிப்பிடத்தக்க அளவு சூடாகவில்லை என்பதை அவர்கள் முக்கியக் காரணமாகச் சுட்டினர். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடல் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 1951 முதல் 2015 வரை சுமார் ஒரு டிகிரி சூடாகியிருக்கிறது. ஆனால் அதன் எல்லா மூலைகளும் ஒரே சீராகச் சூடாகவில்லை.

வங்கக் கடலின் மேற்குப் பகுதி சூடாகாததற்கு ஒரு விளக்கம், இந்தியத் துணைக்கண்டத்தின் மேலே தவழும் மாசுப்படலம். நிலக்கரி எரிக்கும் மின்நிலையங்கள், வாகனங்கள், விறகடுப்புகள், அறுவடைக்குப் பின் எரிக்கப்படும் தாள்கட்டைகள் ஆகியவற்றிலிருந்து எழும் நுண்துகள்களில் பல, குறிப்பாகக் கந்தகத் துகள்கள், சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிக் கடலையும் நிலத்தையும் ஓரளவு குளிர்விக்கின்றன. அதாவது மனிதச் செயலின் ஒரு கை சூடேற்றியதை மற்றொரு கை மறைத்துவைத்தது. மக்களின் நுரையீரலைக் காக்க இந்தத் துகள்களைக் குறைத்தே ஆக வேண்டும்; அவை சில நாள்களிலோ வாரங்களிலோ காற்றிலிருந்து படிந்துவிடும், கார்பன் டை ஆக்சைடோ நூற்றாண்டுகள் தங்கும். படலம் விலகும்போது மறைந்திருந்த வெப்பமும் வெளிப்படும். ஆகவே 2015-இன் விடையைக் கொண்டு இனி வரும் பருவங்களுக்கு ஆறுதல் தேடுவது பெரும் பிழை.

அந்த ஆண்டு பசிபிக் பெருங்கடலில் மிக வலுவான எல் நினோ நிலவியது என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். பசிபிக்கின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்துக்கு மிஞ்சிச் சூடாகும் இந்த இயற்கை நிகழ்வு, தென்மேற்குப் பருவமழையைப் பெரும்பாலும் குறைத்தாலும், தமிழ்நாட்டுக்கு உயிரான வடகிழக்குப் பருவமழையைக் கூட்டும் இயல்புடையது. ஓர் ஆய்வில் தாக்கம் கண்டறியப்படவில்லை என்பதும், தாக்கம் இல்லை என்று நிறுவப்பட்டது என்பதும் ஒன்றல்ல. நூற்றாண்டுகளுக்கு ஒரு முறை வரும் நிகழ்வை அளக்க ஒரு நூற்றாண்டுப் பதிவு போதாது. இரைச்சலுக்கு நடுவே மெல்லிய குரல் இருந்தும் காதில் விழாமல் போகலாம். இந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டதுதான் இத்துறையின் மேல் நம்பிக்கை கொள்ளச் செய்கிறது. வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று மண்சரிவைக் கொண்டுவந்த மழை காலநிலை மாற்றத்தால் ஏறத்தாழ 10 விழுக்காடு தீவிரமடைந்தது என்று அதே குழு சொல்லும்போது அச்சொல்லுக்கு எடை இருக்கிறது, ஏனெனில் சென்னையைப் பற்றி எல்லோரும் எதிர்பார்த்த விடையை அது சொல்லவில்லை.

இனி, ஒரு பேச்சுக்காக, செம்பரம்பாக்கத்து மழையைப் புவி வெப்பம் 7 விழுக்காடு கூட்டியது என்றே வைத்துக்கொண்டாலும், அதன் பங்கு சுமார் 31 மில்லிமீட்டர்தான். எஞ்சிய 444 மில்லிமீட்டர் எப்படியும் பெய்திருக்கும். எனினும் வெள்ளத்தின் கணக்கு நேர்க்கோட்டில் செல்வதில்லை. 444 மில்லிமீட்டரில் ஏரியும் வாய்க்காலும் ஏற்கெனவே நிரம்பிவிட்ட பிறகு, மிச்சமுள்ள 31 மில்லிமீட்டரில் ஒரு துளியும் தங்க இடமின்றி, சதுர கிலோமீட்டருக்கு மூன்று கோடி லிட்டருக்கு மேற்பட்ட நீர் அப்படியே சாலைக்கும் வீட்டுக்கும் தொழிற்கூடத்துக்கும் பாயும். ஓர் அங்குலத்துக்குச் சற்று மிகுந்த மழை வீட்டுவாசலோடு நிற்கும் வெள்ளத்துக்கும் கட்டிலை மூழ்கடிக்கும் வெள்ளத்துக்கும் இடையிலான வேறுபாடாக அமையக்கூடும்.

அந்நீர் எங்கே போக வேண்டும் என்பதை இப்பகுதியின் முன்னோர் அறிந்திருந்தார்கள். மேட்டிலுள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரிநீர் அடுத்த ஏரிக்கு இறங்கும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஏரிகளின் உபரி செம்பரம்பாக்கம் ஏரியை அடைகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரி திருநீர்மலை அருகே அடையாற்றோடு கலக்கிறது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள அவ்வேரியிலிருந்து 2015 டிசம்பர் 1 இரவு நொடிக்கு 29,000 கன அடி, அதாவது நொடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல், திறந்துவிடப்பட்டது. திறப்பு நிர்வகிக்கப்பட்ட முறையைக் கண்டித்து, 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே வகைப்படுத்தியது. ஏரிச் சங்கிலியின் இடையிலுள்ள வயலும் மேய்ச்சல் நிலமும் கான்கிரீட் தளமாகவும் தகரக்கூரையாகவும் லாரி நிறுத்துமிடமாகவும் மாறும்போது, முன்பு மண்ணில் இறங்கிய நீர் சில நிமிடங்களில் வாய்க்காலுக்கு வந்துவிடுகிறது. வாய்க்காலோ பல இடங்களில் குறுக்கிச் சாலைக்கடியில் ஒரு குழாயாக்கப்பட்டிருக்கிறது. மனிதர் மழையை மாற்றினார்களா என்ற கேள்விக்கு விடை தேடும் அதே வேளையில், மழை விழும் நிலத்தை அவர்கள் மாற்றியதை அறிய எந்தக் கணினி மாதிரியும் தேவையில்லை.

புவி வெப்பத்தின் கைரேகை மிகத் தெளிவாகத் தெரியும் இடம் வெள்ளமன்று, கோடை. தீவிர வானிலையின் எல்லா வகைகளிலும் வெப்ப அலைக்கும் காலநிலை மாற்றத்துக்குமான தொடர்பே மிக உறுதியானது. முன்பு பத்தாண்டுக்கு ஒரு முறை வந்த கடும் வெப்பம் உலக அளவில் இன்று 2.8 மடங்கு அடிக்கடி வருகிறது என்கிறது 2021 மதிப்பீட்டறிக்கை. 2022 மார்ச், ஏப்ரல் மாதங்களில் வட இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்பமும், 2023 ஏப்ரலில் இந்தியாவின் சில பகுதிகளையும் வங்கதேசத்தையும் வாட்டிய ஈர வெப்பமும், காலநிலை மாற்றத்தால் சுமார் முப்பது மடங்கு அல்லது அதற்கு மேல் வாய்ப்புக் கூடியவை என்று கணக்கிடப்பட்டுள்ளன.

ஈர வெப்பம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். வெப்பமானியின் குமிழை நனைந்த துணியால் சுற்றினால், நீர் ஆவியாகும்போது அது குளிர்ந்து குறைந்த அளவைக் காட்டும். இந்த ஈரக்குமிழ் வெப்பநிலை, வியர்வை ஆவியாகி உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறனுக்கு நேர் அளவுகோல். அது 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் அமர்ந்திருக்கும் நலமான மனிதரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க இயலாது என்பது கோட்பாட்டு வரம்பு; ஆய்வகச் சோதனைகள் உண்மையான வரம்பு இதைவிடச் சில டிகிரி குறைவு என்று காட்டுகின்றன. கடலுக்கு அருகிலுள்ள காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் காற்றில் ஈரம் இயல்பாகவே மிகுதி. பற்றவைப்பு, வார்ப்பு, வண்ணப்பூச்சு உலைகள் தரும் சூட்டோடு தகரக்கூரையின் சூடும் சேரும் இடத்தில் நின்று வேலை செய்பவருக்கு, வானிலை அறிவிப்பில் வரும் டிகிரி உண்மைச் சுமையின் ஒரு பகுதியைத்தான் சொல்கிறது. நைட் ஷிப்ட் முடித்து, நான்கைந்து பேர் பகிரும் வாடகை அறையில் உச்சிவெயில் நேரத்தில் உறங்க முயலும் இளைஞருக்கு உடல் குளிர்ந்து மீளும் நேரமே கிடைப்பதில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்த அறிவிப்பு தொழிற்கூடத்தின் உள்ளேயுள்ள வெப்பத்தையும் அளக்கும் நிலைக்கு வளர வேண்டும்.

மழைக் கணக்கும் முடிந்துவிடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைச் சூழ்ந்தது. அதே மாதம் 18-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 946 மில்லிமீட்டர் பெய்தது. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்திலும், கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள ஊத்தங்கரையிலும் 500 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. 2016-இல் வந்த விடை 2015 வரையிலான பதிவுகளைக் கொண்டு எழுதப்பட்டது. இத்தகைய புதிய ஆண்டுகள் சேரச் சேர அவ்விடை மாறக்கூடும். வடிகால், பாலம், மதகு ஆகியவற்றின் அகலத்தைப் பொறியாளர்கள் ‘மீள்காலம்’ என்ற அளவைக் கொண்டு முடிவு செய்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டு மீள்காலமுள்ள மழை என்றால் எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நான்கு விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று பொருள். பழைய பதிவுகளைக் கொண்டு வகுத்த அந்த மீள்காலம் இன்றைய மழைக்குப் பொருந்தாவிட்டால், அதை நம்பித் தண்டலத்தில் இன்று வெட்டப்படும் வடிகால், சிமெண்ட் காயும் நாளிலேயே குறுகலானதாக இருக்கும்.