உஷார்! ‘டி டிரைவ்லதான் இருக்கு, போகாது’ன்னு நம்பிடாதீங்க!

பழைய லேப்டாப்பில் புது ஓ.எஸ். போடப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். இதைப் படித்துவிட்டுக் கை வையுங்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், இன்டெலில் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு சிப் வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் இருப்பதோ அதற்கும் பழசு. ‘லினக்ஸ் போடு, காசே கிடையாது, பறக்கும்’ என்று யாராவது சொல்வார்கள். பொய் இல்லை. உபுண்டு, மின்ட் எல்லாம் நல்லவைதான். நம் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. லினக்ஸால் ஆபத்து இல்லை. அதைப் போடுகிற அந்த அரை மணி நேரம்தான் ஆபத்து.

வேப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டி ஒரு வீடு. பெயர் வேண்டாம். அப்பா அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர். பில், ஜி.எஸ்.டி. கணக்கு, மகளின் மஞ்சள் நீராட்டு போட்டோக்கள், எல்லாம் ஒரே லேப்டாப்பில். காலேஜ் படிக்கிற பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவோடு உட்கார்ந்தான்.

“டேய், அப்பா கணக்கெல்லாம் உள்ளே இருக்கேடா?”

“டி டிரைவ்லதாம்மா இருக்கு. ஒண்ணும் ஆகாது.”

ஆகிவிட்டது. சி, டி எல்லாமே காலி.

அவனைத் திட்டியும் பயனில்லை. கடைக்காரர் விண்டோஸ் ஃபார்மட் பண்ணும்போது சி மட்டும் போகும், டி தப்பிக்கும். அதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை. ஆனால் பல லேப்டாப்புகளில் உள்ளே இருப்பது ஒரே ஹார்ட் டிஸ்க்தான். சி, டி என்பவை ஒரே வீட்டின் இரண்டு அறைகள். லினக்ஸ் போடும்போது வருகிற ‘எரேஸ் டிஸ்க்’ வீட்டையே இடித்துவிடும். சி, டி என்ற பெயர்கூட அங்கே வராது. எஸ்.டி.ஏ.1, எஸ்.டி.ஏ.2 என்று ஏதோ வரும். எது எதுவென்று புரியவில்லையா? நெக்ஸ்ட் அழுத்தாதீர்கள்!

அதைவிடக் கொடுமை, அடுத்து நடந்தது. புது ஓ.எஸ். வேகமாக ஓடுகிற சந்தோஷத்தில் பையன் சினிமாக்களை அதில் காப்பி பண்ணினான். பழைய ஃபைல்கள் இருந்த இடத்திலேயே புதுசு ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்பா போய்க் கணக்கைத் தேடியபோதுதான் விஷயமே வெளியே வந்தது. ரெக்கவரி கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

இன்னொரு கண்ணி, புது லேப்டாப்காரர்களுக்கு. லினக்ஸ் பென் டிரைவ் ஓடவில்லை என்று பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைப்பீர்கள். மறுபடி விண்டோஸைத் திறந்தால் நீலத் திரை வந்து, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் சாவியாக 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் கிடக்கும். அந்த அக்கவுன்ட் பாஸ்வேர்டும் மறந்துபோயிருந்தால்? முதலில் அந்த எண்ணைத் தாளில் எழுதிவையுங்கள். பிறகு பயாஸைத் தொடுங்கள்.

டெலிகிராமில் வந்தது, ஃபிரெண்ட் கொடுத்தது என்று கண்ட இடத்து ஐ.எஸ்.ஓ. ஃபைலை (லினக்ஸ் இன்ஸ்டால் பண்ணும் ஃபைல்) போடாதீர்கள். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் சொந்த இணையதளத்துக்குள்ளேயே திருடர்கள் புகுந்து, மின்ட் 17.3 சினமன் ஐ.எஸ்.ஓ.வுக்குப் பதில் பின்கதவு வைத்த ஃபைலை மாட்டிவிட்டார்கள். அசல் தளத்துக்கே அந்தக் கதி! அதனால்தான் இறக்கிய ஃபைலின் எஸ்.ஹெச்.ஏ.256 சரிபார்ப்பு எண்ணை, தயாரிப்பாளர் வெளியிட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது. சலிப்பான வேலைதான். செய்யுங்கள். ஐ.எஸ்.ஓ. ஏற்றும்போது அந்தப் பென் டிரைவில் இருப்பதும் மொத்தமாக அழியும், அதையும் மறக்காதீர்கள்.

முதல் வேலை, எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். பிறகு வயரைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே விட்டால், தவறிப்போய் அதையே அழித்துவிடவும் வாய்ப்புண்டு. அப்புறம் இன்ஸ்டால் பண்ணாமல் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். வைஃபை வருகிறதா? பிரின்டர் அசைகிறதா? கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் நேரடியாக லினக்ஸில் ஓடாது. அப்பாவின் பிழைப்பே டேலி என்றால், அந்த லேப்டாப்பை விட்டுவிடுங்கள். அவசரமும் இல்லை. பதிவு செய்துகொண்டால் விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட்கள் 2026 அக்டோபர் 13 வரை வரும்.

ஏற்கெனவே எரேஸ் அழுத்தியாகிவிட்டதா? உடனே பவரை அணையுங்கள். ஒரு ஃபைலைக்கூடக் காப்பி பண்ணாதீர்கள். எஸ்.எஸ்.டி. என்றால் மீட்பது இன்னும் கடினம், ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. ரெக்கவரி கடையில் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். என்ன அழுத்தினீர்கள், அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஓடியது என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.