முளைத்துவிட்டால் போதுமா?

விதை முளைத்துவிட்டால் மண்ணில் குறையில்லை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் காட்மியம், ஈயம், செம்பு முதலிய கன உலோகங்கள் மிகுந்த மண்ணிலும் விதை முளைக்கக்கூடும். தீங்கை அறிய நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டும்.

காரணம் எளிது. முளைப்பதற்கு வேண்டிய உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. உலோக அயனிகளை விதையுறை ஓரளவு தடுத்தும்விடுகிறது. உறையைப் பிளந்து வெளிவரும் முளைவேருக்கோ அத்தகைய காப்பு இல்லை. அதன் நுனியில் செல்கள் ஓயாமல் பிரிந்து பெருக வேண்டும். உலோகம் அதைத் தடை செய்கிறது. வேர் குட்டையாகித் தடிக்கிறது; பழுப்பேறுகிறது. நீரும் உப்புக்களும் போதாமல், பின்னர் இலையும் வெளிறுகிறது.

வேண்டாத உலோகத்தை வேர் ஏன் உள்ளே விடுகிறது? கால்சியம் அயனியின் ஆரம் சுமார் 1.00 ஆங்ஸ்ட்ராம், காட்மியம் அயனியின் ஆரம் சுமார் 0.95 ஆங்ஸ்ட்ராம். இரண்டின் மின்னேற்றமும் +2. அளவிலும் மின்னேற்றத்திலும் இவ்வளவு ஒத்தவற்றைச் செடி பிரித்தறிவது கடினம். நெல்லின் வேரில், மாங்கனீசை உள்ளே கொண்டுசெல்லும் ஒரு புரதத்தின் வழியாகவே காட்மியமும் பெரும்பாலும் நுழைகிறது என்று 2012-இல் தெரியவந்தது.

செடியும் சும்மா இருப்பதில்லை. கந்தகம் கொண்ட ஃபைட்டோகெலாட்டின் என்னும் சிறு பெப்டைடுகளை உண்டாக்கி, உலோகத்தைப் பிணைத்துச் செல்லின் நுண்குமிழில் அடைத்து வைக்கிறது. இதனால் பயிர் பிழைக்கலாம், உலோகம் அழிவதில்லை. அதில் ஒரு பகுதி தானியத்திற்கும் ஏறுகிறது. ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் படுகையில், சுரங்கக் கழிவு கலந்த நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டவர்கள் எலும்பு முறியும் கொடிய நோய்க்கு ஆளாயினர். 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று பொருள்படும் 'இத்தாய் இத்தாய்' என்பதே அந்நோயின் பெயர். அதற்குக் காட்மியமே காரணம் என்று 1968-இல் அந்நாட்டு அரசு அறிவித்தது.

காட்மியம் நாம் கையாளத் தக்கதன்று. செம்பின் விளைவை மட்டும் நீங்களே பார்க்கலாம். ஒரு லிட்டர் நீரில் கால் கிராம் மயில்துத்தத்தைக் கரையுங்கள். இரண்டு தட்டுகளில் பஞ்சு பரப்பி, ஒன்றை இக்கரைசலாலும் மற்றதை வெறும் நீராலும் நனைத்து, இருபது இருபது பச்சைப் பயறுகளை இடுங்கள். ஐந்தாம் நாள் முளைத்தவற்றை எண்ணுங்கள். பிறகு வேர்களை அளவுகோலால் அளந்து சராசரி காணுங்கள். எண்ணிக்கையில் அதிக வேறுபாடு இல்லாமற் போகலாம். வேரின் நீளத்தில் வேறுபாடு நன்றாகத் தெரியும். அப்பயறுகளைத் தின்னாதீர்கள், கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.